கரண்ட் போனால் மறைக்கும் கண்ணாடி

பாஞ்சாலைக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பொருள் கையில் கிடைத்தாலும் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துவிடுவாள். பார்க்காவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. வட ஆற்காட்டிலிருந்து நம்ம மாவட்டம் தனியாகப் பிரிந்த எண்பத்தொன்பதில், போளூர் ரோட்டில் ஆதிலட்சுமி டாக்டரம்மா புதிதாக ஆரம்பித்த ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த முதல் வாரமே, யாரும் இல்லை என்று நினைத்து ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டித் தன் நெஞ்சைத் தானே கேட்டுக்கொண்டிருந்தபோது கையும் களவுமாகப் பிடிபட்டாள். டாக்டரம்மா திட்டவில்லை. "என்ன கேக்குது?" என்றார். "யாரோ பக்கத்து வூட்ல நெல்லு குத்துற மாதிரி கேக்குதும்மா" என்றாள். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வேலையும் நிலைத்துவிட்டது.

பெயருக்குத்தான் ஆயா. பெருக்கினாள், துடைத்தாள், வெந்நீர் வைத்தாள், எல்லாம் உண்டு. ஆனால் டாக்டரம்மா அவளை விடாமல் வைத்திருந்தது வேறு ஒரு காரியத்துக்காக. வெட்கப்படுகிற பெண்களைப் பரிசோதனை மேஜை வரை கொண்டுவந்து சேர்க்கிற வேலை அது. தண்டராம்பட்டு பக்கமிருந்தும் கலசப்பாக்கம் பக்கமிருந்தும் வருகிற பெண்கள் நோயை ஆறு மாசம் பொறுத்துக்கொள்வார்கள். முந்தானையை ஆறு நிமிஷம் விலக்கச் சொன்னால் மட்டும், "தோ வந்துடறேன்" என்று வெளியே போய் பஸ் ஏறிவிடுவார்கள். அவர்களிடம் பாஞ்சாலை ஒரே வார்த்தைதான் சொல்வாள். "நான் இருக்கேன்ல." அந்த வார்த்தையை நம்பித்தான் எத்தனையோ பேர் ஜாக்கெட் கொக்கியில் கை வைத்தார்கள்.

அப்போதெல்லாம் மறைப்பு என்றால் சக்கரம் வைத்த இரும்புச் சட்டத்தில் கட்டிய பச்சைத் துணிதான். ஃபேன் போட்டால் துணி பறக்கும். போடாவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு வேர்த்துக் கொட்டும். பௌர்ணமி வந்தால் கேட்கவே வேண்டாம். மலையைச் சுற்றி வந்தவர்களில் கால் கொப்புளமும் தலைசுற்றலுமாகப் பாதிப் பேர் இங்கே வந்து குவிவார்கள். அதில் ஒருத்தர் கண்டிப்பாகத் துணியை விலக்கி, "நர்ஸம்மா இல்லீங்களா?" என்று தலையை நீட்டுவார். அந்தத் தலைகளை நெற்றியில் கைவைத்து வெளியே தள்ளியே பாஞ்சாலைக்குப் பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது.

டாக்டரம்மாவின் மகன் பிரகாஷ் இன்ஜினியர். சிங்கப்பூரில் கட்டடங்களுக்குக் கண்ணாடி மாட்டுகிற கம்பெனியில் இருந்துவிட்டு இரண்டாயிரத்து ஏழில் ஊரோடு வந்துவிட்டான். வந்தவன் சும்மா இருப்பானா? அம்மாவின் ஆஸ்பத்திரியில்தான் முதலில் கைவைத்தான். பரிசோதனை அறைக்கும் வராந்தாவுக்கும் நடுவே இருந்த சுவரை இடித்து அந்த இடத்தில் ஒரு பெரிய கண்ணாடியை நிறுத்தினான். அதே அறையில்தான் சில நேரம் டிரிப்ஸ் போட்டு ஆட்களைப் படுக்க வைப்பார்கள். வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற நர்ஸுக்கு அவர்கள் தெரிய வேண்டும். டாக்டரம்மா பரிசோதிக்கிறபோது யாருக்கும் எதுவும் தெரியக் கூடாது. இரண்டுக்கும் ஒரே கண்ணாடி என்றான் பிரகாஷ். யாரும் நம்பவில்லை.

மரப்பெட்டியிலிருந்து எடுத்தபோது அது பால் ஊற்றிய மாதிரி வெள்ளையாக இருந்தது. மாட்டி, ஒயர் இழுத்து, சின்னப் பெட்டி ஒன்றை நடுவில் வைத்து, வராந்தா பக்கச் சுவரில் இருந்த சுவிட்சை பிரகாஷ் தட்டினான். வெள்ளை போய்விட்டது. அந்தப் பக்கம் மேஜை, தராசு, ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம், எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. நர்ஸுகள் கையைத் தட்டினார்கள். பாஞ்சாலை மட்டும் விறுவிறுவென்று உள்ளே போய்க் கண்ணாடியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. சுரண்டிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

"தம்பி, அந்த வெள்ளை எங்க போச்சு?"

"எங்கயும் போகலை பாஞ்சாலைக்கா. உள்ளதான் இருக்கு" என்றான் பிரகாஷ். "ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல மெல்லிசா ஒரு தாள் மாதிரி இருக்கு. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் துளி. துளிக்குள்ள இருக்கிறதெல்லாம் இஷ்டத்துக்கு ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிக்குது. வெளிச்சம் அதுல மோதிச் சிதறிப் போகுது. அதனால வெள்ளையாத் தெரியுது. கரண்ட் குடுத்தா எல்லாம் ஒரே பக்கம் திரும்பிடும். வெளிச்சம் நேரா வந்துடும்."

பாஞ்சாலை கண்ணாடியில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "தீபத்தன்னிக்குக் கோயில் முன்னால கூட்டம் கண்டமேனிக்கு நின்னா கோபுர வாசல் தெரியாது. போலீஸ்காரன் வந்து வரிசையில நிக்க வெச்சா இடுக்கு வழியாத் தெரியும். அதானே?"

பிரகாஷ் அவளை ஒரு மாதிரி பார்த்தான். இதையே விளக்கிச் சொல்ல சிங்கப்பூரில் அவன் படம் போட்டுக் காட்ட வேண்டியிருந்ததாம். குஷி வந்து அவனும் நிறையச் சொன்னான். அங்கே பெரிய ஆபீஸ்களில் கூட்டம் போடுகிற அறைக்கு இந்தக் கண்ணாடிதானாம். ஹோட்டலில் குளியலறைக்குக்கூட வைத்திருக்கிறார்களாம். அதையெல்லாம் பாஞ்சாலை காதில் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். அவளைப் பிடித்துக்கொண்டது ஒரு குட்டி ரயில். அடுக்குமாடி வீடுகளை உரசுகிற மாதிரி மேலே ஓடுகிற ரயிலாம். வீடுகள் கிட்டே வந்ததும் ரயிலின் ஜன்னல் தானாக வெள்ளையாகிவிடுமாம். தாண்டியதும் தெளிந்துவிடுமாம்.

"வூட்டுக்குள்ள பாக்கக் கூடாதுன்னு ரயிலே கண்ணை மூடிக்குதா!" என்று அந்த வாரம் முழுக்கப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக் காதைப் புளிக்க வைத்தாள்.

கண்ணாடியை அவள் விடவில்லை. வேலை ஓய்ந்த மத்தியானங்களில் ஒரு நர்ஸை உள்ளே நிறுத்தி, தான் வெளியே நின்று, பிறகு இடம் மாற்றிச் சோதித்தாள். வெள்ளையாக இருக்கிறபோதும் கண்ணாடியோடு ஒட்டி நின்றால் உருவம் நிழலாகத் தெரிகிறது. ஒரு முழம் தள்ளினால் மங்குகிறது, இரண்டு முழம் தள்ளினால் சுத்தமாகக் காணவில்லை. உடனே அறைக்குள் அந்த இரண்டு முழத்தில் தரையில் நீலப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்து, "இந்தக் கோட்டைத் தாண்டிக் கண்ணாடிப் பக்கம் யாரையும் நிக்க வெக்காதீங்க" என்று நர்ஸுகளுக்கு உத்தரவு போட்டாள். சுவிட்சைப் போட்டால் மூடிக்கொள்ளும் என்று எல்லாரும் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதையும் அவள்தான் திருத்தினாள். "லைட்டு மாதிரின்னு வெச்சுக்க. போட்டாத் தெரியும், அணைச்சாத் தெரியாது." இந்தக் கண்ணாடியைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று அவளுக்கு ஒரு தெம்பு வந்துவிட்டது. அந்தத் தெம்புதான் வினையாக முடிந்தது.

கன்னியம்மாள் பாஞ்சாலையின் பிறந்த ஊர்க்காரி. இரண்டு வயசு சின்னவள். உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டு, புருஷன் செத்த பிறகு இரண்டு ஏக்கர் கடலைக்காட்டைத் தனி ஆளாகப் பார்க்கிறவள். இரண்டாயிரத்து எட்டு தை மாசம் ஊருக்குப் போயிருந்த பாஞ்சாலையை மாட்டுக்கொட்டகை பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"யக்கா, குளிக்கிறப்போ கையில தட்டுப்படுது. இடது மாருல. கடலைக்கொட்டை அளவுக்கு இருந்துச்சு. இப்போ கொஞ்சம் ஜாஸ்தி ஆயிருக்குது."

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல."

அந்தப் பதில்தான் பாஞ்சாலையைப் பயமுறுத்தியது. பத்தொன்பது வருஷமாக ஆஸ்பத்திரியில் காதைத் தீட்டி வைத்திருந்தவள் அவள். வலிக்காத கட்டியைப் பற்றி டாக்டரம்மா என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். நாளைக்கே வா என்றாள். கடலை பிடுங்கணும் என்றாள் கன்னியம்மாள். பிடுங்கின பிறகு உளுந்து, உளுந்துக்கப்புறம் மாடு கன்று போடப் போகிறது. உண்மையான காரணம் ஒன்றுதான். இதுவரை எந்த டாக்டர் முன்னாலும் அவள் ஜாக்கெட்டைக் கழட்டியதில்லை. நாலு மாசம் பாஞ்சாலை கெஞ்சினாள், திட்டினாள், ஒரு தடவை அழவும் செய்தாள். கடைசியில் வைகாசியில் ஒரு புதன்கிழமை கன்னியம்மாள் பஸ்ஸை விட்டு இறங்கி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள்.

அந்த வருஷம் மின்வெட்டு தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தது. இன்வெர்ட்டர் ஆபரேஷன் தியேட்டருக்கும் டாக்டரம்மா அறைக்கும் மட்டும்தான். மற்ற இடங்களில் ஜன்னல் வெளிச்சம். பாஞ்சாலை கன்னியம்மாளைப் பரிசோதனை அறைக்குள் கூட்டிக்கொண்டு போனபோது கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கண்ணாடி வெள்ளையாக இருந்தது.

கரண்ட் போனால் இந்த ஊரில் யாராவது சுவிட்சை அணைப்பார்களா? மாட்டார்கள். ஒரு லைட்டையாவது போட்டபடியே விட்டுவைப்பார்கள். அது எரிந்தால் கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். வீட்டில், கடையில், பள்ளிக்கூடத்தில், எல்லா இடத்திலும் அதுதான் வழக்கம். காலையில் டிரிப்ஸ் ஏறின ஒரு ஆளைப் பார்ப்பதற்காக நர்ஸ் போட்ட கண்ணாடி சுவிட்ச் போட்டபடியே இருந்தது. கண்ணாடி வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று பாஞ்சாலை சுவிட்ச் பக்கம் திரும்பவே இல்லை.

"யாருக்கும் தெரியாதில்லக்கா?" என்று கன்னியம்மாள் மூன்று தடவை கேட்டாள்.

"நான் இருக்கேன்ல. கழட்டு."

டாக்டரம்மா மூலையில் கை கழுவிக்கொண்டிருந்தார். கன்னியம்மாள் ஜாக்கெட்டைக் கழட்டி மடியில் வைத்துக்கொண்டு, நீலக் கோட்டுக்கு நன்றாக உள்ளே தள்ளி, மேஜை மேல் உட்கார்ந்தாள். கரண்ட் வந்தது. ஃபேன் நகர்வதற்கு முன்னால், ட்யூப்லைட் மினுக்குவதற்கு முன்னால், கண்ணாடி தெளிந்துவிட்டது.

வராந்தா பெஞ்சு நிறைய ஆட்கள். கரண்ட் வந்த சந்தோஷத்தில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அதில் கன்னியம்மாளுடைய ஊர் பால் சொசைட்டி செயலாளர் கண்ணாயிரமும் இருந்தார். மருமகளைக் காட்ட வந்திருந்தார். அந்த மனுஷன் சட்டென்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பி என்ன, பார்த்தது பார்த்ததுதானே? பாஞ்சாலை பாய்ந்து கன்னியம்மாளின் முன்னால் நின்றாள். டாக்டரம்மா "சுவிட்ச்! சுவிட்ச்!" என்று கத்தினார். நர்ஸ் ஓடிவந்து அணைத்தாள். எல்லாம் ஐந்து நொடிதான். கன்னியம்மாள் மேஜையை விட்டு இறங்கினாள். ஜாக்கெட்டைத் திருப்பி மாட்டியதுகூடத் தெரியாமல் புடவையைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

அன்றைக்குப் பாஞ்சாலை அழுத அழுகை தன் புருஷன் செத்தபோதுகூட அவள் அழாத அழுகை.

"கழட்டு அதை. நாளைக்குப் பழைய துணியைக் கட்டு" என்றார் டாக்டரம்மா மகனிடம். பிரகாஷுக்கு முகம் சுண்டிப்போனது. "கண்ணாடி மேல தப்பில்லைம்மா. கரண்ட் போனா சுவிட்சை அணைக்கணும். இவங்க அணைக்கலை" என்றான். தப்பு தன்னுடையதுதான் என்று பாஞ்சாலைக்கும் தெரியும். ஆனாலும் அவளுக்குக் கோபம் வந்தது. "தம்பி, கரண்டு போறதே இல்லாத ஊருக்குச் செஞ்ச கண்ணாடி இது. இங்க யார் அணைப்பாங்க? உங்க வூட்ல நீங்க அணைப்பீங்களா?" என்றாள். டாக்டரம்மா பேச்சை வெட்டினார். "கண்ணாடி கிடக்கட்டும். அவளை ஒரு மாசத்துக்குள்ள கூட்டிட்டு வா. இன்னும் தள்ளிப்போச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

ஞாயிற்றுக்கிழமை பாஞ்சாலை ஊருக்குப் போனாள். கன்னியம்மாள் காட்டில் மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தாள். கரண்டுக்குக் காத்திருக்கிறாள். பாஞ்சாலையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாஞ்சாலை மன்னிப்புக் கேட்டாள். கட்டியைப் பற்றிப் பேசினாள். "செத்தாலும் சாவேனே தவிர அங்க வர மாட்டேன், ஆயாம்மா" என்று மட்டும் கடைசியில் கன்னியம்மாள் சொன்னாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் வாயிலிருந்து "யக்கா" வரவில்லை. மற்ற நோயாளிகள் கூப்பிடுகிற மாதிரி "ஆயாம்மா" என்று வந்தது. பாஞ்சாலைக்கு அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும் போலிருந்தது, உட்கார்ந்துவிட்டாள்.

அப்படியே இரண்டு பேரும் கால் மணி நேரம் இருந்திருப்பார்கள். கொட்டகைக்குள் தொங்கிய குண்டு பல்பு எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது. ஆனால் மோட்டார் ஓடவில்லை. கன்னியம்மாள் எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நிதானமாக உள்ளே போனாள். அதற்கப்புறம்தான் மோட்டார் சத்தம் கேட்டது.

பாஞ்சாலைக்கு அந்த நேரத்திலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "பல்பு எரிஞ்சுதே, மோட்டார் ஏன் ஓடலை?"

"பச்சையை அமுக்கினாத்தானே ஓடும்?" என்றாள் கன்னியம்மாள் எரிச்சலாக. "கரண்டு பாட்டுக்கு வந்து அது பாட்டுக்கு ஓடிச்சுன்னா? அந்த நேரம் பெல்ட்டுக்குள்ள எவளாவது கையை வுட்டிருந்தா?"

பாஞ்சாலை எழுந்து உள்ளே போய் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்த்தாள். பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான். பக்கவாட்டில் குனிந்து பார்த்தாள், பின்னால் சுவர்தான் இருந்தது. போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. ஓட்டமும் நடையுமாக ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினாள்.

போளூர் ரோட்டில், கருகிப்போன மோட்டாருக்குக் காயில் என்கிற கம்பிச்சுருள் கட்டுகிற சகாதேவனின் கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். அவர் ஒரு பழைய ஸ்டார்ட்டரைத் திறந்து காட்டினார். "உள்ள இருக்குது பாரு காயிலு. கரண்டு இருக்கிற வரைக்கும் காந்தம் மாதிரி சுவிட்சைப் புடிச்சிட்டிருக்கும். போச்சுன்னா வுட்டுடும். அப்புறம் எத்தினி வாட்டி கரண்டு வந்தாலும், மனுஷன் ஒருத்தன் வந்து அமுக்கினாத்தான் திரும்பப் புடிக்கும்."

"கண்ணாடிக்கு இதை மாட்ட முடியுமா?"

சகாதேவன் அவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று பார்த்தார்.

பிரகாஷும் முதலில் சிரித்தான். பம்புசெட் பெட்டியை ஆஸ்பத்திரியில் மாட்டுவதா? சிரித்தபடியே காகிதத்தை எடுத்து வரைய ஆரம்பித்தான், பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. சின்ன அளவில் ஸ்டார்ட்டர் ஒன்றை சகாதேவன் தேடிக்கொண்டுவந்து மாட்டினார். எந்த இடத்தில் மாட்டுவது என்பதில் மட்டும் பாஞ்சாலை ஒரே பிடியாக நின்றாள். வராந்தாவில் கூடாது, நர்ஸ் கையிலும் கூடாது. உள்ளே, பரிசோதனை மேஜையில் உட்கார்ந்திருக்கிறவளின் கை எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். "மேல துணி இல்லாதவ கையில இருக்கட்டும்" என்றாள். டாக்டரம்மா தலையாட்டினார்.

அடுத்த புதன்கிழமை பாஞ்சாலை மறுபடி ஊருக்குப் போனாள். கெஞ்சவில்லை. "உன் மோட்டார் பொட்டி மாதிரியே ஒண்ணைத்தான் கண்ணாடிக்கு மாட்டி வெச்சிருக்கோம். நம்ப வேணாம். வந்து நீயே அமுக்கிப் பாரு. புடிக்கலைன்னா அடுத்த பஸ்ஸுல திரும்பிடு" என்றாள். கன்னியம்மாள் மாட்டை அவிழ்க்கப் போய்விட்டாள். மறுநாள் காலை பத்து மணிக்கு வந்துவிட்டாள்.

வந்தவள் யாரையும் நம்பவில்லை. முதலில் பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். பச்சையை அமுக்கினாள், தெளிந்தது. சிவப்பை அமுக்கினாள், வெளுத்தது. மறுபடி பச்சையை அமுக்கிவிட்டு, மெயின் சுவிட்சை அணைக்கும்படி அங்கே நின்றிருந்த சகாதேவனிடம் சொன்னாள். பெட்டிக்குள் டக் என்றது, கண்ணாடி வெளுத்தது. "இப்போ போடுங்க" என்றாள். ஃபேன் சுற்றியது, லைட் எரிந்தது. கண்ணாடி வெள்ளையாகவே நின்றது. நாலு தடவை அப்படிப் போட்டு அணைக்கச் சொன்னாள். சகாதேவனுக்கு அலுத்துவிட்டது, அவளுக்கு அலுக்கவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் என்னவோ ஏதோவென்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, கண்ணாடி வெள்ளையாகத்தான் இருந்தது என்றாலும், ஒரு தடவை சிவப்பையும் அமுக்கினாள்.

"டாக்டரம்மா மட்டும் இருக்கட்டும். நீயும் வெளிய போ, ஆயாம்மா."

பாஞ்சாலைக்குச் சுருக்கென்றது. அவளில்லாமல் அந்த அறையில் எந்தப் பெண்ணையும் டாக்டரம்மா பரிசோதித்ததில்லை. ஆனால் எதைச் சொல்லி இருப்பது? "நான் இருக்கேன்ல" என்று இந்த முறை அவள் வாயில் வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு வராந்தாவில் வந்து நின்றாள்.

கண்ணாடிக்கு எதிரே பெஞ்சில் இடம் இருந்தும் உட்காரவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்றுமே தெரியவில்லை. ஒரு நிழல் இல்லை, ஒரு அசைவு இல்லை. எதையும் திருப்பிப் பார்த்துத்தான் பழக்கம் அவளுக்கு. இதைத் திருப்ப முடியாது. கண்ணாடிக்குப் பக்கத்தில் போனாள், நின்றாள், திரும்பி வந்தாள். டாக்டரம்மாவின் குரல் லேசாகக் கேட்டது. கன்னியம்மாளின் குரல் கேட்கவே இல்லை. நர்ஸ் வந்து ஏதோ கேட்டாள், என்ன கேட்டாள் என்று பாஞ்சாலைக்குக் காதில் விழவில்லை. பத்து நிமிஷம் ஆகியிருக்கும், அவளுக்கு ஒரு மணி நேரம் போலிருந்தது.

கண்ணாடி தெளிந்தது.

கன்னியம்மாள் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். ஜாக்கெட் கொக்கி கழுத்துவரை போட்டு, முந்தானையை இழுத்துச் சொருகி, விரலைப் பச்சைப் பொத்தான் மேல் வைத்தபடியே இருந்தாள். டாக்டரம்மா குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். கன்னியம்மாள் கண்ணாடி வழியாகப் பாஞ்சாலையைப் பார்த்தாள். கையை ஆட்டி உள்ளே வரச் சொன்னாள்.

பாஞ்சாலை உள்ளே போனாள்.

"கட்டியை எடுத்துடணுமாம்" என்றாள் கன்னியம்மாள். "இங்க முடியாதாம். மெட்ராஸுக்கு எழுதித் தராங்க. சீக்கிரம் போனா பொழைச்சுக்கலாம்னு சொல்றாங்க."

"பொழைச்சுக்குவே."

"அங்கயும் கழட்டச் சொல்லுவாங்க இல்ல?"

"சொல்லுவாங்க."

கன்னியம்மாள் பொத்தானிலிருந்து விரலை எடுத்துப் பாஞ்சாலையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க இந்தப் பொட்டி இருக்காது. நீ வந்து முன்னால நில்லு."

பாஞ்சாலை டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தாமலே, "எத்தனை நாள் லீவு வேணுமோ எடுத்துக்கோ" என்றார்.